இடம் மாறிய ஒரு துண்டு

எங்கள் பண்ணைக்கு, தாய்ப்பன்றிகளோடு சேர்க்க இரண்டாவதாக வாங்கிய பொலிப்பன்றியைப் போல அழகான ஓர் உருப்படியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குமுளிக்கு அந்தப் பக்கம், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே பண்ணை வைத்திருந்த ஒரு சேட்டனிடம் வாங்கினேன். நீண்ட முதுகு, ரோஸ் நிறத் தோல், விறைத்த காது. ஜீப்பிலிருந்து பலகை போட்டு இறக்கியபோது என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாப்பிள்ளை அழைப்பு மாதிரில்ல இருக்கு."

அது இரண்டாயிரமாவது வருஷம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. அதற்குள் இரண்டு தடவை அவளுக்குக் கரு தங்கி, இரண்டு தடவையும் மூன்று மாதம் நிறைவதற்குள் கலைந்திருந்தது. அப்படியும் அன்றைக்கு அவளால் சிரிக்க முடிந்தது. அதனால்தான் அந்த நாள் எனக்கு இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில். கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச்தான். நான் பட்டம் படித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டு, எதுவும் வராமல், தொண்ணூற்றேழில் வாய்க்கால் ஓரத்து நிலத்தில் வெள்ளைப் பன்றிப் பண்ணை போட்டேன். "காலேஜுக்குப் போயி படிச்சது பன்னி மேய்க்கவா?" என்று ஊரில் கேட்டார்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கறிக்கு வாங்க, கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து ஜீப்புகள் வரத் தொடங்கியதும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

பண்ணைக்கு அடுத்த திராட்சைத் தோட்டம் ஒரு ராவுத்தருடையது. பன்றி என்ற சொல்லை அவர் வாயால் சொல்ல மாட்டார். "ஒங்க உருப்படிக எப்படி இருக்கு தம்பி?" என்றுதான் கேட்பார். அறுவடையில் கழிந்த குலைகளை எங்கள் வேலியோரம் கொட்டச் சொல்லியிருந்தார். அவ்வளவு நல்ல மனுஷர்.

கணக்குப் பிள்ளை என் மனைவி. பிளஸ் டூ வரை படித்தவள். கோடு போட்ட நீள நோட்டில் ஒவ்வொரு தாய்ப்பன்றிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். எந்தத் தேதியில் சேர்த்தோம், எந்தத் தேதியில் ஈன்றது, எத்தனை குட்டி, எத்தனை தங்கியது. மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் கழித்து எந்த நாள் வரும் என்பதை விரலை மடக்காமலே சொல்லிவிடுவாள்.

பழைய பொலி இருந்தவரை ஒரு ஈற்றுக்குப் பத்து, பதினொன்று என்று குட்டிகள் வந்தன. புது மாப்பிள்ளை வந்த பிறகு முதல் தாய் ஈன்றது ஐந்து. சரி, அதற்கு வயசாகிவிட்டது என்று நினைத்து விற்றேன். அடுத்தது நாலு. தீனியில் கோளாறு என்று தவிட்டை மாற்றினேன். அடுத்தது ஆறு. அதையும் விற்றேன். பதினொரு குட்டிக்குச் சலிக்காமல் பால் கொடுத்த தாய் அது.

அந்த மாதங்களில்தான் மூன்றாவது கருவும் போனது. ஆடிக் காற்று பள்ளத்தாக்கில் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்த நாள். கொட்டகையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராவுத்தர்தான் ஜீப்பை எடுத்தார். கம்பத்து ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் வெளியே வந்து, என்னைப் பார்த்து, தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டில் என் அம்மா இருந்தார். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த மூன்றாம் நாள், அடுப்படியில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்தே, அம்மா முன்கட்டில் உட்கார்ந்து சொன்னார்.

"எங்க வீட்ல யாருக்கும் இப்பிடி ஆனதில்ல. அவுக வகையறாவுல இருக்கும். பொண்ணெடுக்கும்போதே நல்லா விசாரிச்சிருக்கணும்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன். என் வாழ்க்கையில் திரும்பப் போய் மாற்ற முடியும் என்றால் நான் மாற்றுவது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். அதற்குப் பிறகு அம்மா அதே பேச்சை எத்தனையோ தடவை பேசினார். நான் எத்தனையோ தடவை தட்டை நீட்டினேன்.

மூன்றாவது தாயை விற்க வண்டி வந்த அன்று என் மனைவி நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.

"ஏங்க, தாய்க எல்லாம் வேற வேற. ஒண்ணு மதுரையில வாங்குனது, ஒண்ணு நம்ம கொட்டகையிலயே பெறந்தது. எல்லாத்துக்கும் ஒரே மாதிரியா கொறையும்? மாறுனது ஒண்ணுதான."

அவள் விரல் பொலிப்பன்றி வந்த தேதியில் நின்றது.

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. இவ்வளவு அழகான உருப்படி, சேர்க்கையில் ஒரு தடவைகூடத் தவறாதது, அதில் என்ன குறை இருக்க முடியும்?

அப்போது எங்கள் கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். ஸ்கூட்டியில் வருவார். அவர் பொலியின் விந்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எனக்கும் காட்டினார். விந்தணுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பிறகு என் மனைவியின் நோட்டை வாங்கி, நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார்.

"அக்கா, இத நீங்களா எழுதினீங்க? எங்க காலேஜ்ல கூட இவ்ளோ சுத்தமா எழுத மாட்டாங்க."

மனைவி வெட்கப்பட்டாள். டாக்டர், பன்றியின் ரத்தத்தைத் தான் படித்த கல்லூரிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். மூக்கில் சுருக்குப் போட்டு நானும் மனைவியும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அது ஊரே கேட்கும்படி அலற, அவர் காதோரம் ரத்தம் எடுத்தார். ஐஸ் பெட்டியில் வைத்து அவரே கொண்டுபோனார்.

ஒரு மாதம் கழித்து ஒரு தாளோடு வந்தார். அதில் சின்னச் சின்னப் புழுக்களை ஜோடி ஜோடியாக ஒட்டி வைத்த மாதிரி ஒரு படம்.

"அண்ணே, இதுக்கு நோய் எதுவும் கெடையாது. பன்றிக்கு முப்பத்தெட்டு க்ரோமோசோம் இருக்கணும், இருக்கு. ஆனா ஒண்ணோட நுனியும் இன்னொண்ணோட நுனியும் ஒடஞ்சு, எடம் மாறி ஒட்டியிருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் என் மனைவியின் இரண்டு நோட்டுகளை எடுத்தார். ஒன்று குட்டிக் கணக்கு, மற்றது தீனிக் கணக்கு.

"இதோட கடைசிப் பத்துப் பக்கம் அதுக்குள்ளயும், அதோட கடைசிப் பத்துப் பக்கம் இதுக்குள்ளயும் தைச்சுப் போச்சுன்னு வைங்க. ரெண்டு நோட்டும் உங்க வீட்ல இருக்கற வரைக்கும் ஒரு வரிகூடக் குறையல. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஒவ்வொரு நோட்டுக்கும் மாறாத பிரதி ஒண்ணும் உங்ககிட்ட உண்டு, ஆனா பிள்ளைக்குக் குடுக்கும்போது ரெண்டுல ஒண்ணுதான் போகும். மாறாத ரெண்டு நோட்டும் சேந்து போனாலும், மாறின ரெண்டும் சேந்து போனாலும் அந்தப் பிள்ளை பொழைக்கும். மாறின நோட்டு ஒண்ணு மட்டும் போனா? ஒரு கணக்கு ரெண்டு தடவை இருக்கும், ஒரு கணக்கு இல்லாமலே போயிடும். அந்தக் கரு நிக்காது. பன்றிக்கு உள்ளயே கரைஞ்சிடும். வெளிய நமக்குத் தெரியவே தெரியாது. ஈனும்போது குட்டி கம்மியா இருக்கறதுதான் தெரியும்."

"எதுனால இப்பிடி ஆகுது?"

"சும்மாவே ஆகும். இல்லன்னா அதோட அப்பனுக்கோ தாயிக்கோ இருந்திருக்கும். அதோட தப்பு இல்லண்ணே."

"அப்ப இனிமே இதுல பிரயோசனமில்ல. கறிக்கு அனுப்பிருவோம்" என்றேன்.

சாதாரணமாகத்தான் சொன்னேன். பண்ணை வைத்திருக்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்? மனைவி தடுப்புச் சுவருக்கு மேலே குனிந்து அதன் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அவள் நிமிரவே இல்லை. அடுத்த வாரம் கட்டப்பனை ஜீப்பில் அது போனது.

நாலாவது கரு அடுத்த வருஷம். அந்தத் தடவை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும்கூட. சொன்னால்தான் போகிறது என்று அவளுக்கு ஒரு எண்ணம். சொல்லாமலும் போனது.

அவள் வீட்டில் படுத்திருந்த நாட்களில் குட்டிகளுக்கு ஊசி போட டாக்டர் வந்தார். "அக்கா எங்க?" என்று கேட்டார். சொன்னேன். இதோடு நாலு என்றும் சொன்னேன். அவர் மருந்துப் பெட்டியை மூடினார். ஸ்கூட்டி வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மதுரையில பெரிய டாக்டரப் பாருங்க. இந்த டெஸ்ட் மனுஷங்களுக்கும் உண்டு. அக்காவுக்கு மட்டும் எடுக்காதீங்க. ரெண்டு பேருக்கும் எடுக்கச் சொல்லுங்க."

அவர் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நீங்க மாட்டு டாக்டரு. மாட்டப் பாத்துட்டுப் போங்க. என்னையப் பன்னிங்கிறீகளா?"

அந்த முகம் சுருங்கியதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஊசிக்கும் மருந்துக்கும் நான் கம்பத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டேன். சாலையில் அவர் ஸ்கூட்டி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் டாக்டர் வருவதில்லை என்று மனைவி கேட்டபோது, "வேலை கூடிப்போச்சாம்" என்று பொய் சொன்னேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. மனைவியைப் பார்த்த கம்பத்துப் பெண் டாக்டரும் அதே டெஸ்டைத்தான் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதிலும் இரண்டு பேர் என்றுதான் இருந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரம் முடியட்டும் என்றேன். அப்புறம் ஈஸ்டர் போகட்டும் என்றேன். ஒருநாள் காலையில் அவள் சேலை மாற்றிக்கொண்டு, பையோடு வாசலில் நின்றாள்.

"நீங்க வேலையப் பாருங்க. நான் போயி என் ரத்தத்தக் குடுத்துட்டு வாரேன். கோளாறு எங்கிட்டதான்னு தெரிஞ்சாலாச்சும் அத்தைக்கு நிம்மதியா இருக்கும்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் எப்படி வீட்டில் இருப்பது? கிளம்பினேன். மதுரையில் இரண்டு பேரும் கையை நீட்டி ரத்தம் கொடுத்தோம்.

மூன்று வாரம் கழித்து முடிவைக் கேட்கப் போனோம். மதுரை டாக்டர் வயசானவர், மெதுவாகப் பேசுகிறவர். மேஜையில் இரண்டு தாள்கள். இரண்டிலும் புழுக்களை ஜோடி சேர்த்த அதே மாதிரிப் படம். இங்கே இருபத்துமூன்று ஜோடி.

"அம்மாவுக்கு எல்லாம் சரியா இருக்கு" என்று என் மனைவியைக் காட்டிச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு நோய்னு ஒண்ணும் இல்ல, தம்பி. அதை மொதல்ல நல்லா மனசுல வச்சுக்குங்க. நாப்பத்தாறும் இருக்கு. ஆனா..." என்று ஆரம்பித்தார்.

"ரெண்டுல நுனி மாறி ஒட்டியிருக்கா சார்?"

அவர் ஆச்சரியப்பட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? படிச்சிருக்கீங்களா?"

"எங்கிட்ட ஒரு பன்னி இருந்துச்சு சார்."

எனக்கே அந்தக் குரல் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். சில கருக்கள் சரியாக அமையும், நல்ல குழந்தை பிறந்த குடும்பங்கள் உண்டு, ஒவ்வொரு தடவையும் எப்படி அமையும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் யார் யாரோ டோக்கன் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. அவள் முகத்தில் அதிர்ச்சியும் இல்லை.

"ஒனக்கு முந்தியே தெரியுமா?"

கையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அந்தப் பன்னியப் பத்தி டாக்டரம்மா சொன்ன அன்னைக்கே நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்லுவேன்? அடுத்த பேச்சே நீங்க அதக் கறிக்கு அனுப்பிருவோம்னு சொன்னீக."

இரண்டு வருஷம் அவள் அதை மனசுக்குள் வைத்திருந்தாள். முன்கட்டில் என் அம்மா பேசின ஒவ்வொரு பேச்சையும் அதை வைத்துக்கொண்டே கேட்டிருந்தாள். நான் மனம் உடைந்துவிடக் கூடாது என்று. நானோ தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். அந்த பெஞ்சில் அவள் காலில் விழத் தோன்றியது. ஆட்கள் இருந்ததால் விழவில்லை. அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன். க்ரோமோசோம் என்றால் அவருக்கு என்ன தெரியும்? ரத்தத்தில் ஒரு கோளாறு, என் ரத்தத்தில், அவளிடம் ஒன்றும் இல்லை என்றேன். பெற்றவர்களிடமிருந்தும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அம்மா தொண்டையிலிருந்து வந்த குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"ஒனக்கு முன்னால அஞ்சு போச்சுய்யா. ஒனக்குப் பின்னால ரெண்டு. நீ ஒருத்தன்தான் நின்ன."

"என்னம்மா சொல்றீக?"

"எங்க மாமியா என்னைய என்னென்ன சொன்னாகன்னு ஒனக்குத் தெரியாது. நீ பெறந்த பெறகுதான் இந்த வீட்ல எனக்குச் சோத்துல கை வைக்க விட்டாக. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச நான் எடுக்கவே இல்ல."

வீட்டில் யாருக்கும் இப்படி ஆனதில்லை என்று சொன்ன அதே வாய். கோபம் வரவேண்டும். வரவில்லை. என் மனைவிதான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் ரத்தத்தயும் எடுத்துப் பாக்கச் சொல்லுய்யா" என்றார் அம்மா. அப்பா இல்லாத வீட்டில், அம்மாவுடையதா அப்பாவுடையதா என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? எடுக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. அதுவரை பன்றிக் கொட்டகைப் பக்கம் வராதவர், மறுநாள் காலை மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்து மருமகள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினார். "நீ போயி ஒக்காரு, ஆத்தா." அவ்வளவுதான்.

நான் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மேஜையில் வேறொருவர் இருந்தார். அந்த டாக்டரம்மா ஆறு மாதத்துக்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்டதற்கு அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பினேன். இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டாயிரத்து நாலில் ஐந்தாவது தடவையாகக் கரு தங்கியது. மூன்றாம் மாதம் தாண்டியது. எங்களால் நம்ப முடியவில்லை. நாலாவது மாதத்தில் மதுரை டாக்டர், வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துக் குழந்தையின் க்ரோமோசோமைப் பார்க்கலாம் என்றார். ஊசியாலேயே கரு கலையவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"பாத்து, கோளாறுன்னு தெரிஞ்சா என்ன செய்வீக சார்?" என்று அவள் கேட்டாள்.

"அது நீங்க ரெண்டு பேரும் எடுக்க வேண்டிய முடிவும்மா."

"அப்ப வேண்டாம்."

நான் அவள் பக்கம் நின்றேன். அந்த ஒரு தடவையாவது நின்றேன்.

அந்த மாதங்களில் அம்மா அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்கவிடவில்லை. ராவுத்தர் வீட்டிலிருந்து பன்னீர் திராட்சை தட்டுத் தட்டாக வந்தது. குழந்தை அசைகிறது என்று அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். அசைவு லேசாகத்தான் இருந்தது. பெண் குழந்தைகள் அப்படித்தான், சாதுவாக இருக்கும் என்று அம்மா சொன்னார்.

எட்டாம் மாதம் முடியும்போது மதுரையில் பிறந்தாள். பெண்தான். ஒன்றரைக் கிலோ. உதடு பிளந்திருந்தது. இதயத்தில் ஓட்டை என்றார்கள். அழுகைச் சத்தம் பூனைக்குட்டிச் சத்தம் போல இருந்தது. சப்பிக் குடிக்கத் தெம்பில்லை, மூக்கு வழியே குழாய். கண் மட்டும், நான் பொய் சொல்லவில்லை, அப்படியே என் மனைவியின் கண்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை விடுவார்கள். என் மனைவி பாலைப் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவாள். நர்ஸ் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்ப்பாள். பதினைந்தாம் நாள் கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது.

பதினேழாம் நாள் காலை பத்து மணி இருக்கும். டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு, குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் மடியில் கொடுக்கச் சொன்னார். ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. சர்ச்சிலிருந்து சாமியாரைக் கூப்பிட நேரமில்லை. அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் சர்ச்சில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. என் பையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன் மூடியில் ஊற்றி, மூன்று தடவை குழந்தையின் நெற்றியில் விட்டேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னேன். பேரும் சொன்னேன். அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். தண்ணீர் பட்டதும் அவள் கண்ணைச் சுருக்கினாள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அவளை மடியில் வைத்தபடியே காரில் ஊருக்குக் கொண்டுவந்தோம். ஆண்டிபட்டி தாண்டி, தேனி தாண்டி, சின்னமனூர் தாண்டி. என் மனைவி குழந்தையின் தலைக்குக் கீழே கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தாள், கழுத்து வலிக்குமே என்று. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் அம்மாதான் குழந்தையை அவளிடமிருந்து வாங்கினார். வாங்க வெகுநேரம் ஆனது.

பெண்கள்தான் இதையெல்லாம் சுமக்கிறார்கள் என்று சொல்வது சுலபம். நான் சுமக்க ஒன்றுமே இல்லாமல் நின்றேன். என் உடம்பில் ஒரு வலி கிடையாது. பசித்தது. தூக்கம் வந்தது. நான்தான் காரணம், எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் தொடவே பயந்தோம். அவள் உள் அறையில் அம்மாவோடு படுத்தாள். நான் பண்ணைக்குப் படுக்கையைக் கொண்டுபோனேன். சண்டை எதுவும் இல்லை. "சாப்பிட்டீகளா?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன்" என்பேன். அப்படி ஒரு வருஷம்.

உத்தமபாளையம் பக்கம் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு நாலு பிள்ளைகள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மேஜையில் இருந்த பெண் ஊழியர் படிவத்தை எடுத்தார்.

"எத்தன பிள்ளைக?"

"ஒண்ணு."

"எத்தன வயசு?"

"எறந்துருச்சு."

அவர் பேனாவை வைத்தார். "உயிரோட எத்தன இருக்கு?"

"இல்ல."

"அப்ப பண்ண முடியாதுங்க. குறைஞ்சது ஒரு பிள்ளையாவது உயிரோட இருக்கணும். ரூல்ஸ் அப்பிடி. இன்னும் வயசிருக்குல்ல, போயி பிள்ளையப் பெத்துட்டு வாங்க."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். பின்னால் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன். மகள் இறந்த அன்றைக்கு வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வெரட்டி விட்டுட்டாகளா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே முகம் உடைந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"இன்னொண்ண என்னால பொதைக்க முடியாதுங்க."

"வேண்டாம். வேண்டவே வேண்டாம்."

தேனியில் ஒரு தனியார் டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். மதுரைத் தாள்களைக் காட்டினோம். அவர் முழுவதும் படித்துவிட்டு, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்தார். சின்ன ஆபரேஷன்தான். பத்து நாள் கழித்துத் தையலைக் காட்ட மறுபடி போனபோதும் அவள் வந்தாள். நான் மட்டும் போகிறேன் என்றதற்கு, "எனக்கு நீங்க வந்தீகள்ல" என்றாள். எத்தனை தடவை நான் வராமல் இருந்தேன் என்று அவள் கணக்குச் சொல்லவில்லை.

திரும்பும்போது குமுளி பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் அவள். வீரபாண்டி தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது! வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியோரம் ஒன்றிரண்டு நரை. முப்பது வயசுகூட முடியவில்லை.

எங்கள் ஊர் ஸ்டாப் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கடைசி ஊருக்கு டிக்கெட்டை மாற்றிக் கேட்டேன். பஸ் கம்பத்தைத் தாண்டியது. கூடலூரைத் தாண்டியது. லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறி, வளைவுகளில் அவள் தலை ஆடத் தொடங்கியபோதுதான் விழித்தாள். வெளியே சாரல்.

"எங்கன போறோம்?"

"குமுளிக்கு."

"எதுக்கு?"

"நீ தூங்கிட்டிருந்த."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஜன்னல் கம்பி வழியே கையை வெளியே நீட்டிச் சாரலில் பிடித்தாள். பிறகு ஈரக் கையை என் கைமேல் வைத்துக்கொண்டு மறுபடியும் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கேயும் நாங்கள் சேர்ந்து போனதில்லை என்று எனக்கு அப்போது உறைத்தது. குமுளியில் இறங்கி, செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமே ஒரு கடையில் நின்று டீ குடித்தோம். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நனைந்துகொண்டே நின்றோம்.